ஞாயிற்றுக்கிழமை ஓடும் கம்ப்ரஸர்

திருப்பூர்ப் பக்கம் ஒரு நிட்டிங் கம்பெனி. ஞாயிற்றுக்கிழமை காலை. மெஷின் எல்லாம் நின்றிருந்தது, ஃபேன்கூட ஓடவில்லை. வேறு ஏதோ வேலையாகத்தான் போயிருந்தேன். ஓனர் ஆபீஸ் சாவியைத் தேடிக்கொண்டிருந்த நேரத்தில், ஷெட் மூலையில், மெஷின்களுக்கு அழுத்தக் காற்று தரும் கம்ப்ரஸர் தானாக உறுமிக்கொண்டு கிளம்பியது. கொஞ்ச நேரம் ஓடிவிட்டு அடங்கியது. சாவி கிடைப்பதற்குள் இன்னொரு தடவை கிளம்பிவிட்டது.

"யாருக்குங்க காத்து போகுது?" என்று கேட்டேன்.

"அது அப்படியே ஆன்ல கெடக்கும்ங்க. நிறுத்தினா திங்கக்கிழமை மறுபடி காத்து ஏத்தணுமில்ல."

போனில் ஸ்டாப்வாட்சை எடுத்தேன். ஓடியது 2 நிமிஷம். சும்மா இருந்தது 6 நிமிஷம். எந்த மெஷினும் காற்று எடுக்காதபோது கம்ப்ரஸர் ஏன் ஓட வேண்டும்? பைப் ஜாயின்ட், பழைய ஹோஸ், சரியாக மூடாத வால்வு என்று எங்கெங்கோ காற்று கசிகிறது, அதை நிரப்பத்தான். எட்டு நிமிஷத்தில் இரண்டு நிமிஷம் என்றால், அந்தக் கம்ப்ரஸர் தரக்கூடிய காற்றில் கால்வாசி யாருக்கும் பயன்படாமல் போகிறது. ஆள் வைத்து ஆடிட் செய்யாமல், ஒரு செல்போனை வைத்துக்கொண்டே இவ்வளவு கண்டுபிடிக்க முடிந்தது.

இதை ரூபாயாக மாற்றிப் பார்ப்போம். 7 பார் அழுத்தத்தில் இருக்கும் பைப்பில் 3 மில்லிமீட்டர் ஓட்டை ஒன்று இருந்தால், அந்தக் கசிவை ஈடுகட்ட மட்டும் கம்ப்ரஸர் ஏறத்தாழ 3 கிலோவாட் இழுக்கும். இரண்டு ஷிஃப்டாக நாளுக்கு 20 மணி நேரம், வருஷத்துக்கு 300 நாள் என்றால் 18,000 யூனிட். யூனிட் 8 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 1,44,000 ரூபாய். அரிசி மணி அளவு ஓட்டைக்கு இவ்வளவு.

அந்த ஓனர் அன்று என்னைக் கூப்பிட்டதே மாடியில் சோலார் போடுவதைப் பற்றிக் கேட்கத்தான். நம் ஊர் வெயிலுக்கு 1 கிலோவாட் சோலார் சராசரியாக ஒரு நாளைக்கு 4 யூனிட் தரும் என்பது பொதுவான கணக்கு. 10 கிலோவாட் போட்டால் வருஷத்துக்கு 14,000 யூனிட் சொச்சம். சில லட்ச ரூபாய் போட்டு மாடியில் விளைவிக்கப் போவதைவிடக் கூடுதலாக, கீழே ஒரே ஒரு ஓட்டை குடித்துக்கொண்டிருக்கிறது.

சிறுதொழிலில் டிஜிட்டல், பசுமை என்று இப்போது எல்லாரும் பேசும் விஷயத்தின் சாரம் இந்த ஒரு ஷெட்டிலேயே இருக்கிறது. வீணாவதைக் குறைப்பது பசுமை. எது, எங்கே, எவ்வளவு வீணாகிறது என்று காட்டிக்கொடுப்பது டிஜிட்டல். இந்த இரண்டையும் தனித்தனிச் செலவாகப் பார்ப்பதால்தான் பலர் மிரள்கிறார்கள்.

இரண்டும் சேர்ந்து நடப்பதை ஐரோப்பாவில் இரட்டை மாற்றம் என்கிறார்கள். 2020 மார்ச்சில் ஐரோப்பிய ஆணையம் சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கென வெளியிட்ட கொள்கையின் தலைப்பிலேயே நீடித்த வளர்ச்சியும் டிஜிட்டலும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. நம் நாட்டில் எம்எஸ்எம்இ என்று சொல்லும் வட்டமும் பெரியதுதான். 2025 ஏப்ரல் 1 முதல், முதலீடு 2.5 கோடிக்குள்ளும் விற்றுமுதல் 10 கோடிக்குள்ளும் இருந்தால் குறுந்தொழில். 25 கோடி, 100 கோடிக்குள் சிறுதொழில். 125 கோடி, 500 கோடிக்குள் நடுத்தரம். நான்கு தையல் மெஷின் வைத்திருப்பவரும் நானூறு மெஷின் வைத்திருப்பவரும் இதே பட்டியலில் வருகிறார்கள். அதனால் "எம்எஸ்எம்இக்கான தீர்வு" என்று யாராவது ஒரே பெட்டியை விற்க வந்தால், யாருக்கான தீர்வு என்று முதலில் கேட்டுவிடுங்கள்.

எங்கே ஆரம்பிப்பது? கரன்ட் பில்லில். கடந்த 12 மாதப் பில்லை எடுத்து, அந்தந்த மாதம் எத்தனை கிலோ துணி ஓட்டினோம் என்பதைப் பக்கத்தில் எழுதுங்கள். யூனிட்டைக் கிலோவால் வகுங்கள். வேலை அவ்வளவுதான். ஒரு மாதம் 42,000 யூனிட், 60,000 கிலோ என்றால் கிலோவுக்கு 0.7 யூனிட். அடுத்த மாதம் 40,000 யூனிட், 50,000 கிலோ என்றால் 0.8. பில் குறைந்திருக்கிறது, ஓனர் சந்தோஷப்பட்டிருப்பார். உண்மையில் ஒவ்வொரு கிலோவுக்கும் முன்பைவிட அதிகமாகச் செலவாகியிருக்கிறது. பில் தொகையை மட்டும் பார்ப்பவருக்கு இது கடைசி வரை தெரியாது.

அடுத்த படி, பிரிவு வாரியாகச் சின்ன மீட்டர் வைப்பது. கம்ப்ரஸருக்கு ஒன்று, பாய்லர் பக்கம் ஒன்று, மெஷின் லைனுக்கு ஒன்று. அந்த மீட்டரை ஒரு பெட்டி வழியாகப் போனோடு இணைத்துவிட்டால் இரவு இரண்டு மணிக்கு எவ்வளவு ஓடுகிறது என்று வீட்டிலிருந்தே தெரியும். இதற்குத்தான் ஐஓடி என்று பெரிய பெயர். இணைக்க வசதியில்லையா, வாட்ச்மேன் காலையும் மாலையும் மீட்டரைப் போட்டோ எடுத்து வாட்ஸப்பில் அனுப்பட்டும். அதுவும் டிஜிட்டல்தான். கிண்டலுக்குச் சொல்லவில்லை. நான் பார்த்த வரை, தாக்குப்பிடித்த முறைகள் பெரும்பாலும் இப்படித்தான் தொடங்கின.

அளக்க ஆரம்பித்ததும் சில விஷயங்கள் தானாகவே கண்ணில் படும். பழைய தையல் மெஷினில் இருக்கும் கிளட்ச் மோட்டார், டெய்லர் பீஸை அடுக்கிக்கொண்டிருக்கும்போதும் சுற்றிக்கொண்டே இருக்கும். சர்வோ மோட்டார் மிதித்தால்தான் சுற்றும். ஹெச்டி, அதாவது உயர் மின்னழுத்த இணைப்பு வைத்திருப்பவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். மின்வாரியத்திடம் இவ்வளவு வரை வேண்டும் என்று வாங்கி வைத்த டிமாண்டில் பாதிதான் பயன்படுத்தினாலும் 90 சதவீதத்துக்குக் கட்டணம் கட்டியே ஆக வேண்டும். ஐந்து வருஷத்துக்கு முன்னால் பெருக்கலாம் என்ற நினைப்பில் கூடுதலாக வாங்கிய டிமாண்டுக்கு இன்னமும் மாதாமாதம் கட்டுபவர்கள் உண்டு. பாய்லர் வைத்திருப்பவர்கள் நீராவி குளிர்ந்து வரும் சுடுதண்ணீரைச் சாக்கடையில் விடாமல் திரும்பத் தொட்டிக்குக் கொண்டுவந்தால், உள்ளே போகும் தண்ணீர் 6 டிகிரி சூடு ஏறும்போதெல்லாம் எரிபொருளில் ஏறத்தாழ 1 சதவீதம் மிச்சமாகும்.

சாயப்பட்டறைக்கு வருவோம். இந்த ஊரில் பசுமை என்ற சொல்லின் முழு விலையையும் கொடுத்தவர்கள் அவர்கள்தான்.

நொய்யல் ஆற்றின் கதை தமிழ்நாட்டில் பலருக்கும் தெரியும். பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் சாயக்கழிவு தேங்கி, எந்த விவசாயிக்காக அணை கட்டினார்களோ அதே விவசாயி தண்ணீர் வேண்டாம் என்று சொல்லும் நிலை வந்தது. ஆயக்கட்டு விவசாயிகள் கோர்ட்டுக்குப் போனார்கள். 2011 ஜனவரி 28 அன்று, கழிவுநீரை ஒரு சொட்டுகூட வெளியே விடாத நிலையை எட்டாத சாய, சலவைப் பட்டறைகளையும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையும் மூடச் சொல்லிச் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. 700க்கு மேற்பட்ட பட்டறைகள் ஒரே அடியாக நின்றன. அதன் பிறகு திறந்தவை எல்லாம் ஜீரோ டிஸ்சார்ஜ் முறைக்கு மாறித்தான் திறந்தன.

அந்த முறை எப்படி என்று சுருக்கமாகச் சொல்கிறேன். பட்டறையிலிருந்து வரும் சாயத்தண்ணீரை முதலில் நுண்ணுயிர் கொண்டு சுத்தம் செய்வார்கள். பிறகு ஆர்ஓ சவ்வு வழியாக அழுத்தினால் பெரும்பகுதி நல்ல தண்ணீராகப் பட்டறைக்கே திரும்பும். மிஞ்சுவது அடர்த்தியான உப்புத் தண்ணீர். அதை எவாப்பரேட்டரில் கொதிக்க வைத்து ஆவியாக்கி, உப்பைப் பிரித்தெடுப்பார்கள். காசு கரையும் இடம் அதுதான். ஒரு லிட்டர் தண்ணீரை ஆவியாக்க மட்டும் 0.6 யூனிட்டுக்கு மேல் வெப்பம் வேண்டும். அந்த ஆவியையே பல அடுக்காகத் திரும்பப் பயன்படுத்திச் செலவை இறக்குகிறார்கள் என்றாலும், மொத்தத்தில் பெரிய செலவு அதுவே.

இங்கே ஒரு முரணும் இருக்கிறது, மறைக்க வேண்டியதில்லை. ஆற்றைக் காப்பாற்ற விறகும் கரன்டும் எரிகின்றன. பிரிக்க முடியாத கலப்பு உப்பும் சேறும் ஷெட்டில் குவிகின்றன. ஒரு பக்கம் பசுமை என்று எழுதும்போது இன்னொரு பக்கம் புகை போகிறது. ஆகவே கழிவுநீரைச் சுத்தம் செய்வதைவிட, கழிவுநீரே குறைவாக உண்டாவதுதான் மேல். அந்த வேலை சுத்திகரிப்பு நிலையத்தில் நடக்காது, சாய மெஷினில்தான் நடக்கும்.

300 கிலோ துணி ஒரு லாட். பழைய விஞ்ச் மெஷினில் ஒரு கிலோ துணிக்கு 15 லிட்டர் தண்ணீர் என்று வைத்தால் ஒரு குளியலுக்கு, அதாவது துணியை ஒரு தடவை முக்கி ஓட்டுவதற்கு, 4,500 லிட்டர். புதிய சாஃப்ட் ஃப்ளோ மெஷினில் கிலோவுக்கு 6 லிட்டர் என்றால் 1,800 லிட்டர். பருத்தியில் ரியாக்டிவ் சாயம் ஏற உப்பு வேண்டும். லிட்டருக்கு 60 கிராம் போட்டால், விஞ்சில் 270 கிலோ உப்பு, சாஃப்ட் ஃப்ளோவில் 108 கிலோ. அதே துணி, அதே கலர். கூடுதலாகப் போட்ட 162 கிலோ உப்பை வாங்கவும் காசு, பிறகு தண்ணீரிலிருந்து பிரிக்கவும் காசு. சாயம் ஏற்றுவது ஒரு குளியல் மட்டும்தான். அதற்கு முன் சலவை, பின் அலசல் என்று அடுத்தடுத்துப் பல குளியல் உண்டு.

இதையெல்லாம்விடப் பெரிய ஓட்டை, ஷேடு தப்புவது. லேபில் பார்த்த கலர் மெஷினில் வரவில்லை என்றால் மொத்த லாட்டையும் மறுபடி சாயம் போட வேண்டும். தண்ணீர், சாயம், விறகு, ஆள்கூலி, சுத்திகரிப்புக் கட்டணம் எல்லாம் இரண்டாம் தடவை. டெலிவரியும் தள்ளிப்போகும். நூற்றுக்குப் பத்து லாட் இப்படித் திரும்புகிற ஒரு பட்டறை, அதை ஐந்தாகக் குறைத்தால் கிடைக்கும் மிச்சத்தை எந்த சோலார் பலகையும் தராது.

டிஜிட்டலுக்கு நிஜமான வேலை அங்கேதான். மாஸ்டர் கண்ணால் பார்த்துக் கலர் பொருத்துவதற்குப் பதில், கலரை எண்ணாகக் காட்டும் ஸ்பெக்ட்ரோ கருவி வைத்து அளப்பது. சாயத்தைக் கை அளவாகப் போடாமல் எடைபோட்டுத் தானாக ஊற்றும் டோஸிங். வெப்பம் எந்த நிமிஷம் எவ்வளவு ஏறியது என்பதை மெஷினே பதிவு செய்வது. இப்படிப் பதிவு இருந்தால், தப்பிய பத்து லாட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். ஒரு பட்டறையில் அப்படிப் பார்த்தபோது, தப்பியவற்றில் பாதிக்கு மேல் இரவு ஷிஃப்டில் ஒரே மெஷினில் போட்டவை. மாஸ்டர்மேல்தான் சந்தேகப்பட்டார்கள். காரணம், அந்த மெஷினின் வெப்பமானி மூன்று டிகிரி தப்பாகக் காட்டிக்கொண்டிருந்தது. பாவம், அந்த மனுஷன் எத்தனை மாதம் திட்டு வாங்கினாரோ.

இதெல்லாம் இல்லாமலே இத்தனை வருஷம் ஓட்டினோமே, இப்போது மட்டும் என்ன அவசரம்? வெளிநாட்டுப் பையர் கேட்கிறார், அதுதான் நேரான பதில். ஐரோப்பிய ஒன்றியத்தின் ஈகோ டிசைன் ஒழுங்குமுறை 2024 ஜூலை 18 அன்று அமலுக்கு வந்தது. அதில் டிஜிட்டல் புராடக்ட் பாஸ்போர்ட் என்று ஒன்று இருக்கிறது. பொருளில் இருக்கும் குறியீட்டை ஸ்கேன் செய்தால் அது எதனால் ஆனது, எப்படி உருவானது போன்ற தகவல் வர வேண்டும். முதலில் இந்த வளையத்துக்குள் கொண்டுவரப்படும் பொருள்களில் துணியும் ஒன்று. துணிக்கான விரிவான விதி தனியாக வர வேண்டும் என்பதால் இன்றே பதற வேண்டியதில்லை.

ஆனால் திருப்பூரில் ஒரு பனியன் எப்படி உருவாகிறது என்று யோசியுங்கள். நூல் ஒரு இடம், நிட்டிங் ஒரு இடம், சாயம் ஒரு இடம், காம்பாக்டிங், பிரின்டிங், எம்பிராய்டரி, தையல், செக்கிங் என்று ஊரைச் சுற்றி வருகிறது. பெரிய எக்ஸ்போர்ட்டரிடம் மட்டும்தான் பாஸ்போர்ட் கேட்பார்கள். அவர் அதை நிரப்ப, தனக்குக் கூலிக்கு ஜாப் ஒர்க் செய்யும் பத்துப் பேரிடமும் தண்ணீர், கரன்ட், ரசாயனக் கணக்குக் கேட்பார். கணக்கு வைத்திருப்பவருக்குத்தான் அடுத்த ஆர்டர் சுலபமாகப் போகும்.

கார்பன் கணக்கு என்றதும் கன்சல்டன்டைத் தேட வேண்டாம். முதல் கட்டம் வெறும் பெருக்கல். நம் நாட்டு மின்கட்டமைப்பிலிருந்து எடுக்கும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் ஏறத்தாழ 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு. முன்பு சொன்ன ஓட்டையின் 18,000 யூனிட்டை இதனால் பெருக்கினால் 12,600 கிலோ. பன்னிரண்டரை டன். கூடவே டீசல், விறகு, கேஸ் ஆகியவற்றுக்கு அதனதன் எண்ணால் பெருக்கிக் கூட்டினால் முதல் கணக்கு வந்துவிடும்.

குறியீடு ஒட்டிவிட்டால் மட்டும் உண்மை வந்துவிடுமா என்றால், வராது. உலக அளவில் ஆர்கானிக் துணிக்குச் சான்று தரும் கோட்ஸ் (GOTS) அமைப்பு 2020 அக்டோபரில் ஒரு மோசடியை வெளியிட்டது. இந்தியாவில் 20,000 டன் பருத்தி, போலிச் சான்றிதழோடு ஆர்கானிக் என்று போயிருந்தது. அந்தச் சான்றிதழில் க்யூஆர் கோடுகூட இருந்தது. ஸ்கேன் செய்தால், வேளாண் ஏற்றுமதியைக் கவனிக்கும் மத்திய அரசு அமைப்பான அபீடாவின் இணையதளம் மாதிரியே செய்து வைத்த போலித் தளத்துக்குப் போகும். டிஜிட்டலும் இருந்தது, பசுமை என்ற பெயரும் இருந்தது, பருத்தி மட்டும் சாதாரணப் பருத்தி. வயலில், மெஷினில், மீட்டரில் அளந்த எண் சரியாக இல்லாவிட்டால் மேலே எத்தனை க்யூஆர் கோடு ஒட்டினாலும் கதை இதுதான்.

சின்ன அளவில் இதே தப்பு நம் கம்பெனிகளிலும் நடக்கிறது. சாஃப்ட்வேர்காரர் வந்து, கம்பெனிக் கணக்கையெல்லாம் ஒரே இடத்தில் வைக்கும் ஈஆர்பி விற்றுவிட்டுப் போவார். கம்ப்யூட்டரில் போட ஒரு பெண்ணை வேலைக்கு வைப்பார்கள். ஷெட்டில் சூப்பர்வைசர் பழையபடி நோட்டில்தான் எழுதுவார். இரண்டு நாள் கழித்து நோட்டைப் பார்த்து அந்தப் பெண் டைப் அடிக்கும். நோட்டில் இல்லாத எண்ணை நேற்றைய எண்ணிலிருந்து உத்தேசமாகப் போடும். ஆறு மாதத்தில் கல்யாணம் ஆகி வேலையை விட்டுவிடும். அதற்குப் பிறகு ஈஆர்பிக்கு வருஷ சந்தா மட்டும் போகும். இதில் அந்தப் பெண்ணைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? எண்ணை உண்டாக்குகிற ஆளின் கையில் அதைப் பதியும் வசதி இல்லை, பதிந்த எண்ணை வைத்து ஓனர் ஒரு முடிவும் எடுத்ததில்லை. சூப்பர்வைசருக்கு அது எதற்கென்றே தெரியாது. மூன்றே மூன்று எண்ணைத் தேர்ந்தெடுத்து, நாளுக்கு ஒரு தடவை பதிந்து, வாரத்துக்கு ஒரு தடவை அதைப் பற்றிப் பேசினால் போதும் என்பேன். கிலோவுக்கு யூனிட், கிலோவுக்குத் தண்ணீர், திரும்பி வந்த லாட். மற்றதெல்லாம் அப்புறம்.

காசுக்கு என்ன வழி என்று கேட்பீர்கள். எம்எஸ்எம்இக்கான அரசின் உதயம் பதிவு இருந்தால் சில கதவுகள் திறக்கும். தரத்தையும் சுற்றுச்சூழலையும் சேர்த்துப் பார்க்கும் மத்திய அரசின் செட் (ZED) சான்றிதழில் வெண்கலம், வெள்ளி, தங்கம் என மூன்று நிலை உண்டு. கட்டணத்தில் குறுந்தொழிலுக்கு 80, சிறுதொழிலுக்கு 60, நடுத்தரத்துக்கு 50 சதவீதம் மானியம். மின்சிக்கனக் கருவி வாங்கும் கடனுக்கு வட்டிச் சலுகைத் திட்டங்களும் இருக்கின்றன. வங்கி மேனேஜரிடம் போகும்போது 12 மாத யூனிட், கிலோ கணக்கைக் கையில் கொண்டுபோனால் பேச்சே வேறு மாதிரி இருக்கும்.

எனக்குக் கொஞ்சம் கசப்பான ஒரு விஷயமும் உண்டு. பையர் சான்றிதழ் கேட்பார், தண்ணீர்க் கணக்குக் கேட்பார், பீஸ் ரேட்டை மட்டும் ஏற்ற மாட்டார். உள்ளூரிலும் அதே நிலைதான். குறு, சிறு நிறுவனங்களுக்கு 45 நாளுக்குள் பணம் கொடுக்க வேண்டும் என்று 2006ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. தாமதித்தால் வாங்கியவர் அந்தச் செலவை, பணம் கொடுக்கிற வரை வருமான வரியில் கழிக்க முடியாது என்ற விதியும் 2023-24 நிதியாண்டிலிருந்து இருக்கிறது. ஜாப் ஒர்க் செய்பவர் அதை எடுத்துக்காட்டிக் கேட்டால் அடுத்த லாட் வேறு பட்டறைக்குப் போய்விடும் என்ற பயம் அப்படியே இருக்கிறது. பாக்கி வராமல் திண்டாடுகிறவரிடம் போய் சாஃப்ட் ஃப்ளோ மெஷின் வாங்கு என்று சொல்வதில் அர்த்தமில்லை. அதனால்தான் காசு கேட்காத வேலையிலிருந்து தொடங்கச் சொல்கிறேன்.

அந்த நிட்டிங் கம்பெனியில் அடுத்த ஞாயிறு நாங்கள் செய்தது இதுதான். மெஷின் எல்லாவற்றையும் நிறுத்தினோம், கம்ப்ரஸரை மட்டும் ஓடவிட்டோம். ஒரு பக்கெட்டில் சோப்புத் தண்ணீர், ஒரு பெயின்ட் பிரஷ். ஜாயின்ட் ஜாயின்டாகத் தடவிக்கொண்டே போனால் கசிகிற இடத்தில் நுரை பொங்கும். அங்கே சாக்பீஸால் ஒரு வட்டம். மொத்தம் பதினேழு வட்டம். டெஃப்ளான் டேப், புது கிளாம்ப், நான்கு ஹோஸ் என்று இரண்டாயிரத்துச் சொச்சம் ரூபாய் ஆனது. சாயங்காலம் மறுபடி ஸ்டாப்வாட்ச் வைத்தோம். கம்ப்ரஸர் இரண்டு நிமிஷத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஓடி நின்றது. அடுத்துக் கிளம்ப பதினைந்து நிமிஷம் ஆனது.

"சோலார் ஆள்கிட்ட என்னங்க சொல்றது?" என்றார் ஓனர்.

ஆறு மாதம் கழித்து வரச் சொல்லச் சொன்னேன். அதற்குள் எத்தனை கிலோவாட் வேண்டும் என்பதை அவருடைய மீட்டரே சொல்லிவிடும்.